கூட்டிச் சொன்ன அக்கா

அந்த அக்காவின் காதுக்குள் போன செய்தி எதுவும் போன அளவிலேயே வாய்வழியாக வெளியே வந்ததில்லை. ஒருத்தி லேசாகத் தலை சுற்றுகிறது என்றால், அக்கா சொல்லி முடிக்கும்போது அவள் தண்ணீர்ப் பீலியடியில் மயங்கி விழுந்து, நாலு பேர் தூக்கி வந்து லயத்தில் கிடத்தியிருப்பார்கள். ஒருத்தி சரியாகத் தூக்கமில்லை என்றால், ஒரு கிழமையாக அவள் கண்ணையே மூடவில்லை என்றாகிவிடும்.

வம்புக்காக அவர் அப்படிச் சொன்னதில்லை. அக்கா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், லயங்களில், பிள்ளை வயிற்றோடு இருந்த பெண்கள் பலருக்குச் சிங்களம் வராது. கிளினிக்கிலும் ஆஸ்பத்திரியிலும் மிஸ் என்று நாங்கள் கூப்பிட்ட தாதிமாருக்குத் தமிழ் வராது. இவர்கள் சொன்னதை அவர்களுக்கும், அவர்கள் சொன்னதை இவர்களுக்கும் எடுத்துச் சொல்ல, யாரும் கூப்பிடாமல் தானாக வந்து நடுவில் நின்றவர் அக்கா.

அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. எல்லோரும் அக்கா என்றார்கள், நானும் அக்கா என்றேன். அவருக்கு என் பெயர் தெரியும். என் கணவர் பெயர், மாமனார் பெயர், ருவான்வெல்லை பஜாரில் எங்கள் துணிக்கடை எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது என்பது வரை தெரியும். அவர் பெயரைக் கேட்கவேண்டும் என்று எனக்கு ஒருநாள்கூடத் தோன்றவில்லை.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு. எனக்கு முதல் பிள்ளை வயிற்றில். எங்கள் வீட்டில் என்னை டவுனில் ஒரு பெரிய டொக்டரிடம் சனல் பண்ணிக் காட்டிவந்தார்கள். பின்னேரங்களில் தனி அறையில் காசு வாங்கிக்கொண்டு பார்க்கிற அவர்தான் பகலில் பெரிய ஆஸ்பத்திரியின் பிரசவ வார்ட்டுக்கும் பொறுப்பு. "நேரம் வந்ததும் அங்கே வாருங்கள், என்னுடைய ஆள் என்று சொல்லுங்கள், போதும்" என்று சொல்லியிருந்தார். ஆனாலும் ஊசிக்கும் பதிவுக்கும் அரசாங்கக் கிளினிக்குக்குப் போயே ஆகவேண்டும். அங்கேதான் அக்காவைக் கண்டேன்.

நீளமான வாங்குகளில் நாங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். மேசைக்கு முன்னால் நின்ற மெலிந்த பெண்ணொருத்தி, வாய்க்குள்ளேயே பேசினாள். "அடிவயிறு கொஞ்சம் இழுத்துப் பிடிக்கிற மாதிரி இருக்குதுக்கா."

அக்கா மிஸ்ஸின் பக்கம் திரும்பினார். "அனே மிஸ், பொட்டக் பலன்னகோ" என்று தொடங்கியது. கொஞ்சம் பாருங்களேன் என்ற அந்தக் கெஞ்சலுக்குப் பிறகு வந்த சிங்களம் அத்தனை சுத்தம். பள்ளிக்கூட டீச்சர் பேசுகிற சிங்களம். அதில், அந்தப் பெண் பால் வாளியோடு மேட்டிலிருந்து உருண்டாள், எழுந்து மறுபடியும் பால் வெட்டப் போனாள், இரவு முழுக்க லயத்தில் யாரும் தூங்கவில்லை, அவளுடைய புருஷன் கோயிலில் போய் விழுந்து கிடக்கிறான்.

நான் கடையில் வளர்ந்தவள். எனக்குச் சிங்களம் தண்ணீர் மாதிரி. சிரிப்பை அடக்க முடியவில்லை.

மிஸ் பதறி எழுந்து அந்தப் பெண்ணைக் கட்டிலில் படுக்கவைத்துப் பார்த்தார். பார்த்துவிட்டு, திட்டவும் செய்தார். இவ்வளவு நாளும் எங்கே போயிருந்தாய், மாட்டுக்குக்கூட இதைவிட அறிவு இருக்கும், தோட்டத்து ஆட்களுக்குச் சொல்லிச் சொல்லியே எங்கள் தொண்டை போகிறது. அக்கா அதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு அந்தப் பெண்ணிடம் குனிந்தார்.

"மிஸ் சொல்றாங்க, பயப்பட ஒண்ணும் இல்லையாம். அடுத்த தடவ கொஞ்சம் வெள்ளனமே வந்துரணுமாம் தங்கச்சி."

அந்தப் பெண் மிஸ்ஸைப் பார்த்து நன்றியோடு கும்பிட்டாள். மிஸ்ஸும் கோபம் குறைந்து அவள் தோளில் தட்டினார். அக்காவை விட்டால், இரண்டு பக்கத்துப் பேச்சும் விளங்கியவள் அந்த மண்டபத்தில் நான் ஒருத்திதான்.

அக்கா நேரே என்னிடம் வந்தார். "ஒங்களுக்கு சிங்களம் வெளங்குதா?"

"வெளங்குதுங்க அக்கா."

"அப்ப சிரிக்காதீங்க தங்கச்சி. நீங்க சிரிச்சா மிஸ் என்னைய ஒரு மாதிரி பாப்பாங்க." பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாகச் சொன்னார். "நம்ம புள்ளைங்க இருக்கிற வலியில பாதியத்தான் வெளிய சொல்லும். கேக்கிறவங்க அதுலயும் பாதியத்தான் எடுப்பாங்க. அப்ப நான் கூட்டிச் சொன்னாத்தானே சரியா போய்ச் சேரும்?"

எனக்கு அந்தக் கணக்கு சரியாகத்தான் பட்டது.

சின்ன வயதில் அவரை ஒரு சிங்கள டீச்சர் வீட்டில் வேலைக்கு விட்டிருந்தார்களாம். "அந்த நோனா அடிச்சு அடிச்சு பேசக் கத்துக்குடுத்தா. தப்பா ஒரு சொல்லு வந்தா அகப்பைக் காம்பால கையில. இன்னைக்கு அது நம்ம புள்ளைங்களுக்கு ஒதவுது, பாருங்க." அடியைப் பற்றி அவருக்கு மனஸ்தாபம் இருந்ததாகத் தெரியவில்லை. பெற்றது மூன்று, நின்றது ஒன்று என்று ஒருமுறை சொன்னார். மற்ற இரண்டும் எப்படிப் போயின என்று நான் கேட்டதற்கு, "அதெல்லாம் அந்தக் காலங்க" என்று சொல்லி எழுந்து போய்விட்டார்.

கிளினிக்குக்கு வருகிற நாளில் ஒசரி கட்டி வருவார். சிங்களப் பெண்கள் கட்டுகிற மாதிரியே கொசுவம் விரித்து. நெற்றிப் பொட்டை எடுத்துக் குடைப்பிடியில் ஒட்டிவைத்திருப்பார், திரும்பிப் போகும் பஸ்ஸில் ஏறியதும் எடுத்து வைத்துக்கொள்வார். அது யுத்த காலம். பஸ்ஸில் தமிழில் பேசினால் தலைகள் திரும்பும். ஆனால் அக்கா அதற்காகச் செய்யவில்லை. "பொட்டோட போனா மேசைக்கு முன்னுக்கு நிக்க வுடமாட்டாங்க" என்பார். எவ்வளவு பவுடர் பூசினாலும் கிட்டப் போனால் ரப்பர் பாலின் புளித்த வாடை வரும். அவருக்கும் அது தெரியும். மிஸ்ஸிடம் பேசும்போது ஒரு அடி தள்ளியே நிற்பார்.

கிளினிக் வந்தால் அன்றைக்குத் தோட்டத்தில் பேர் விழாது, ஒரு நாள் சம்பளம் போகும். கர்ப்பிணிகளுக்கும் அப்படித்தான், கூட வந்த அக்காவுக்கும் அப்படித்தான். நான் கடைக் காரில் போய் இறங்கி உட்கார்ந்த அதே வாங்கில் உட்கார, அவர்கள் ஒரு நாள் கூலியைக் கொடுத்து வந்திருந்தார்கள் என்பது எனக்கு வெகு நாள் தெரியாது.

ஒருமுறை மருத்துவிச்சி மிஸ் சாப்பாட்டைப் பற்றி வகுப்பு எடுத்தார். தினமும் மீன், முட்டை, ஒரு கோப்பை பால், இரண்டு வகை மரக்கறி, பழம். அக்கா எழுந்து நின்று தமிழில் சொன்னார். "தங்கச்சிகளா, கீரைய வுட்டுராதீங்கங்கிறாங்க. நெத்திலி கெடைச்சா அவுங்கவுங்க தின்னணுமாம், மாமியாருக்கு எடுத்து வைக்கக்கூடாதாம். கிளினிக்கில குடுக்கிற திரிபோஷா மாவ லயம் முழுக்கப் பங்குபோட்டா வயித்துப் புள்ளைக்குப் போகாதாம். மிஸ் ரொம்ப கண்டிப்பா சொல்றாங்க." மண்டபமே சிரித்தது. மிஸ்ஸும் தான் சொன்னதற்குத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்து மகிழ்ந்துபோனார்.

பிறகு அக்கா என்னையும் தன் பேச்சுக்குள் சேர்த்துக்கொள்ளத் தொடங்கினார். தோட்டத்துப் பெண் யாரையாவது காக்கவைத்து நேரம் கடத்தினால், "இது அந்தத் துணிக்கடை முதலாளி வீட்டுக்குச் சொந்தம், மிஸ்" என்று என்னைக் காட்டுவார். மிஸ் என்னைப் பார்ப்பார். நான் ஆமென்று தலையாட்டுவேன். உடனே வேலை நடக்கும். எனக்கு ஊரெல்லாம் தங்கச்சிமாரும் மச்சாள்மாரும் பெருகினார்கள். அதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்கூட இருந்தது, நல்ல காரியம் செய்கிறோம் என்று. என் தலையாட்டலுக்கு ஏன் அத்தனை மதிப்பு என்று நான் யோசிக்கவில்லை.

அப்படி வந்த சொந்தங்களில் ஒருத்திதான் புஷ்பம். லயத்தில் அக்காவின் பக்கத்துக் காம்பராவில், பக்கத்து அறையில், இருந்தவள். புருஷன் கொழும்பில் சாப்பாட்டுக் கடையொன்றில் வேலை. அவளுக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே மாதக் கணக்கு, உடம்பில் ஒரே வருத்தம். பிரஷர் கூடி, கால் வீங்கி, இரண்டு பேரையும் ஒரே கிழமையில் பெரிய ஆஸ்பத்திரி வார்ட்டில் சேர்த்து நிற்பாட்டிக்கொண்டார்கள். எனக்கு ஜன்னலோரம் கட்டில், டொக்டர் எழுதிக் கொடுத்தது. கட்டில் போதாததால் புஷ்பத்துக்கு என் கட்டிலின் கீழே பாய்.

நல்ல வாயாடி அவள். தமிழ் பேச நான் ஒருத்திதான் என்பதால் காலையிலிருந்து ஓயமாட்டாள். வீங்கிய காலை விரலால் அழுத்தினால் குழி விழும், எனக்கும் விழும். "பாருங்கக்கா, ஒங்க குழி பெருசா என் குழி பெருசா" என்று சிரிப்பாள். என் வீட்டுச் சோறு வந்தால் பாதியை அவளுக்கு எடுத்துக் கொடுப்பேன். அதை ஒரு பெரிய காரியமாக நினைத்திருந்தேன்.

அன்றைக்கு மத்தியானம், பார்க்க வருகிற நேரத்தில் அக்கா வந்தார். புஷ்பம் எழுந்திருக்கவில்லை.

"தல கொஞ்சம் நோகுதுக்கா" என்றாள். "கண்ணு முன்னுக்கு பூச்சி பறக்குது."

அக்கா அவள் முகத்தையே பார்த்தார். கையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு வேகமாக மிஸ்ஸின் மேசைக்குப் போனார். என் கட்டிலிலிருந்து பேச்சு கேட்கும். மேட்டிலிருந்து உருண்ட கதை வரப்போகிறது என்று நான் காத்திருந்தேன். வரவில்லை.

"தலை நோகிறதாம் மிஸ். கண் முன்னால் பூச்சி பறக்கிறதாம்." அவ்வளவுதான். ஒரு சொல் கூட்டவில்லை. அவருடைய குரலே சின்னதாகிவிட்டிருந்தது.

அந்த மிஸ் கெட்டவர் இல்லை. நிறைந்து வழிகிற வார்ட்டுக்கு அன்றைக்கு அவர் ஒரு ஆள்தான். எழுதிக்கொண்டிருந்ததிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னார். "நீ கூட்டிவருகிற எல்லோருக்கும் சாகிற வருத்தம்தானே? போன கிழமை வந்தவளுக்கும் கண் தெரியவில்லை என்றாய். பார்த்தால் நெஞ்செரிச்சல். டொக்டர் பின்னேரம் வருவார், படுக்கச் சொல்."

"மிஸ், இது உண்மை."

"அப்படியானால் மற்றதெல்லாம்?"

அதற்கு அவருக்காக நான் பிற்பாடு எத்தனையோ முறை பதில் யோசித்துப் பார்த்திருக்கிறேன்.

மணி அடித்துவிட்டது. வந்தவர்களை வெளியே அனுப்பத் தொடங்கினார்கள். அக்கா ஓடிவந்து என் கட்டிலின் கம்பியைப் பிடித்தார். "தங்கச்சி, நீங்க போய்ச் சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

நான் இறங்கிப் போய்ச் சொன்னேன். அதே சொற்கள். தலை நோகிறதாம், கண் முன்னால் பூச்சி பறக்கிறதாம். என்னுடையது கடைச் சிங்களம், அக்காவுடையதில் பாதி அழகுகூட இல்லை. மிஸ் பேனையை வைத்தார். "அப்படியா நோனா?" என்று மரியாதையாகக் கேட்டு, உடனே எழுந்து வந்து புஷ்பத்துக்குப் பிரஷர் பார்த்தார். பார்த்தவர் முகம் மாறியது. டொக்டருக்கு டெலிபோன் எடுக்க ஓடினார்.

அந்த நிமிடம் எனக்குப் பெருமையாக இருந்தது. கதவடியில் நின்று எட்டிப் பார்த்த அக்காவுக்கு, சரி என்று கையைக் காட்டினேன்.

டொக்டர் சீக்கிரமே வந்தார். வந்தவர் முதலில் என் கட்டிலுக்குத்தான் வந்தார். எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரித்து, எனக்கும் பிரஷர் பார்த்தார். எனக்கும் ஏறியிருந்தது. பிறகு குனிந்து பாயில் கிடந்தவளைப் பார்த்தார். அவரும் மிஸ்ஸும் தள்ளிநின்று பேசியது எனக்குக் கேட்டது. இரண்டு பேருக்கும் ஒப்பரேஷன் செய்யவேண்டும். இப்போதைக்கு ஒரு தியேட்டர்தான் இருக்கிறது.

"இவரை முதலில் கொண்டுபோங்கள்" என்றார். கை என் பக்கம் நீண்டிருந்தது.

ஒருவேளை என் பிரஷர்தான் கூடவாக இருந்திருக்கலாம். இரண்டு பேருடையதும் எவ்வளவு என்று நான் பிறகு யாரிடமும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். அதனால்தான் கேட்கவில்லை.

தள்ளுகட்டிலில் என்னை ஏற்றியபோது, "அந்தப் பிள்ளைக்கு?" என்று டொக்டரிடம் கேட்டேன். "அவளையும் பார்ப்போம், நீங்கள் யோசிக்காதீர்கள்" என்றார். நான் யோசிக்கவில்லை. எனக்குப் பயம், என் பிள்ளையின் நினைப்பு மட்டும்தான். புஷ்பம் பாயிலிருந்து தலையைத் திருப்பிப் பார்த்தாள்.

"போய்ட்டு வாங்கக்கா. அடுத்தது நான்தான்."

எனக்கு நினைவு தெளிந்தபோது மகன் பிறந்திருந்தான். வார்ட்டுக்குக் கொண்டுவந்தபோது பாயைச் சுருட்டி எடுத்திருந்தார்கள். அந்த இடத்தில் ஈரமாகத் துடைத்த தரை. நான் தியேட்டரில் இருக்கும்போதே அவளுக்கு வலிப்பு வந்திருக்கிறது. பிறகு கொண்டுபோய், பெண் பிள்ளையை உயிரோடு எடுத்துவிட்டார்கள். அவளைக் காப்பாற்ற முடியவில்லை. எனக்குச் சொன்னது அதே மிஸ்தான். "செய்ய முடிந்ததைச் செய்தோம் நோனா" என்றார். அவர் கண்ணும் சிவந்திருந்தது. நான் சரி என்றேன்.

மறுநாள் அக்கா வந்தார். ஒசரி இல்லை, சாதாரணச் சேலை, நெற்றியில் பொட்டு. பக்கத்தில் வந்து என் மகனைப் பார்த்தார். தலையில் கையை வைத்து, "நல்லா இருக்கணும்" என்றார். மனதிலிருந்துதான் சொன்னார், எனக்குத் தெரியும். நான் அழத் தொடங்கினேன். "பச்சை ஒடம்பு, அழக்கூடாது" என்று முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டார்.

புறப்படும்போது, "வர்றேம்மா" என்றார்.

முந்தின நாள்வரை நான் அவருக்குத் தங்கச்சி. அதற்குப் பிறகு ஒருநாளும் அவர் என்னைத் தங்கச்சி என்று கூப்பிடவில்லை.

உடம்பு தேறியதும், பிள்ளை உடுப்புகளை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். கார் போகாத மேட்டில் லயம். புஷ்பத்தின் புருஷன் காரியம் முடிந்ததும் கொழும்புக்குத் திரும்பிவிட்டான், பிள்ளை அக்காவிடம். கூரைக் கம்பியில் கட்டிய சேலைத் தொட்டிலில் கிடந்தது. போத்தல் பால் கரைத்துக்கொண்டே அக்கா பேசினார்.

"நான் ஒவ்வொருத்திக்கும் கூட்டிக் கூட்டிச் சொன்னேன்லங்கம்மா. அதெல்லாம் எங்கேருந்து எடுத்துக் குடுத்தேன்? இவ அம்மாக்கிட்டருந்துதான் எடுத்துருக்கேன். அவளுக்குன்னு சொல்றப்போ ஒண்ணும் மிச்சம் இல்ல."

எடுத்தது நீங்கள் இல்லை அக்கா என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் யார் எடுத்தது என்ற கேள்வி வரும். அந்த நேரம் பிள்ளை விழித்து அழுதது. அதன் அழுகையில் என் மார்பு சுரந்து சட்டை நனைந்தது. சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். அக்கா பார்த்தாரா என்று தெரியாது. போத்தலை எடுத்துக்கொண்டு தொட்டிலுக்குப் போனார்.

அதற்குப் பிறகு கிளினிக்கில் அவரைக் காணவில்லை. எனக்கு இரண்டாவது பிள்ளை உண்டாகி அங்கே போனபோது, தோட்டத்துப் பெண்கள் மேசைக்கு முன்னால் பேசாமல் நின்றார்கள். மிஸ் கையால் சைகை செய்தார், அவர்கள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்கள். ஒருத்தி மட்டும் என்னிடம் வந்து, இடுப்பு கொஞ்சம் நோகிறதென்று சொல்லிவிடச் சொன்னாள். இடுப்பு கொஞ்சம் நோகிறதாம் என்று சொன்னேன். கொஞ்சம் நோகத்தானே செய்யும், உட்காரச் சொல்லுங்கள் என்றார் மிஸ். அவளிடம் வந்து, உட்காரச் சொல்கிறார்கள் என்றேன். அக்கா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் என் வாயில் வரவில்லை.

என் மகன் பள்ளிக்கூடம் சேர்ந்த அதே ஜனவரியில் அக்கா கடைக்கு வந்தார். கையில் பிடித்தபடி அந்தப் பிள்ளை. அந்த மாதத்தில் துணியோடு நாங்கள் விற்கிற பள்ளிக்கூடக் கறுப்புச் சப்பாத்து வேண்டும் என்றார். எந்தப் பள்ளிக்கூடம் என்று என் கணவர் கேட்டார். அக்கா சொன்னது சிங்களப் பள்ளிக்கூடம்.

"ஏங்க அக்கா, தோட்டத்திலயே தமிழ் ஸ்கூல் இருக்கே. தமிழ்ப் புள்ளைய எதுக்கு அங்க கொண்டுபோய்ச் சேக்குறீங்க?"

"இருக்குதுங்க மொதலாளி."

"நாளைக்கு அது தமிழே மறந்துரும்."

அக்கா குனிந்து பிள்ளையின் காலில் சப்பாத்தை மாட்டி, விரல் நுனியை அமுக்கிப் பார்த்தார். "மறந்தா மறக்கட்டுங்க. இவ அம்மா தமிழ்ல சொன்னா. அத நான் எடுத்துச் சொன்னேன். அம்மா எடுத்துச் சொன்னாங்க." அம்மா என்றது என்னை. "இவ சொல்றத யாரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லாம இருக்கணும்."

என் கணவர் பில் எழுதக் குனிந்தார். சப்பாத்துக்குக் காசு வேண்டாம் என்று நான் சொன்னேன். அக்கா அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார்.

இதற்காக அவர் தோட்ட வேலையை விட்டு, லயத்தை விட்டு, பள்ளிக்கூடத்துக்குக் கிட்ட ஒரு சிங்களக் கிராமத்தில் குடியேறியிருந்தார். ஒரு வீட்டில் சமையல் வேலை, பின்பக்கத்து அறையில் வாசம். பிள்ளையோடு தமிழில் ஒரு சொல் பேசுவதில்லை. லயத்து ஆட்கள் ஏசினார்களாம், செத்தவள் பிள்ளையைச் சிங்களத்தி ஆக்கிவிட்டாள் என்று. எனக்கும் மனது ஒப்பவில்லை. ஆனால் ஏச எனக்கு என்ன உரிமை?

இரண்டாயிரத்து ஏழில் நாங்கள் கடையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டுக் கொழும்புக்குப் போவதென்று முடிவானது. கேள்விப்பட்டு அக்கா பார்க்க வந்தார். முடி நன்றாக நரைத்திருந்தது. பிள்ளை வெள்ளைச் சீருடையில், இரட்டைப் பின்னலோடு வந்திருந்தாள். சிரித்தபோது அவள் அம்மாவே எழுந்து வந்ததுபோல் இருந்தது. என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை.

"நெந்தே" என்று சிங்களத்தில் அவள் என்னைக் கூப்பிட்டாள், மாமி என்று. "நீங்கள் ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தீர்களாம். அம்மா என்ன பேசுவா?"

நான் அக்காவைப் பார்த்தேன். "ஊர விட்டுப் போறீங்கன்னு சொன்னதுலருந்து இதத்தாங்கம்மா கேக்குறா" என்றார். "நான் நேரத்துக்கு வந்து நேரத்துக்குப் போனவ. கூட இருந்தது நீங்கதான்."

அந்தப் பிள்ளையின் அம்மா கடைசியாகச் சொன்னது என் காதில் இருந்தது. அடுத்தது நான்தான். அதை எந்தப் பாஷையில் சொல்ல? வேறொன்று நினைவுக்கு வந்தது. வயிற்றில் பிள்ளை உதைக்கும்போதெல்லாம் புஷ்பம் பாயில் எழுந்து உட்கார்ந்து, வயிற்றைத் தடவிக்கொண்டே பேசுவாள்.

"நீ உதைத்தால் உன்னோடு பேசுவா" என்று சிங்களத்தில் சொன்னேன். "சும்மா இரு, என்னப் பெத்த ஆத்தா என்பா." என்னப் பெத்த ஆத்தா என்ற மூன்று சொல்லை மட்டும் தமிழில் சொன்னேன்.

"அப்படியென்றால்?"

சிங்களத்தில் சொல்லிப் பார்த்தேன். என்னைப் பெற்ற அம்மா. சொன்னதும் அது வேறென்னவோ ஆகிவிட்டது.

பிள்ளை புருவத்தைச் சுருக்கினாள். "அம்மாதானே என்னைப் பெற்றா. நான் எப்படி அம்மாவைப் பெற்றேன்?"

எனக்குத் தெரியவில்லை. அவள் அக்காவின் பக்கம் திரும்பி, அதே கேள்வியைக் கேட்டாள். மிஸ்மாருக்கும் டொக்டர்மாருக்கும் எதையும் மாற்றிச் சொல்லத் தெரிந்த அக்காவுக்கு இதற்கு மட்டும் சிங்களம் வரவில்லை. பஜாரில் பஸ் ஹோர்ன் அடித்தது. அவர் பிள்ளையைக் கிட்ட இழுத்து, காற்றில் பறந்த முன்மயிரை ஒதுக்கிவிட்டார்.

"ஆசை ரொம்பக் கூடிப்போனா நம்ம ஆளுங்க அப்பிடித்தான் சொல்லுவாங்க சாமி" என்றார், தமிழில்.

அவருக்கும் எனக்கும் நடுவில் நின்று, பிள்ளை அதை மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். என்ன, பெத்த, ஆத்தா. ஒவ்வொரு சொல்லாக, நாக்கு பழகாமல். அக்கா அவளைத் திருத்தவில்லை. இரண்டாவது முறை சொல்லச் சொன்னார்.